வாசலை அடைத்த கூட்டம்

(ஞாயிறு காலை வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். கேட்கத் தவறியவர்கள் விரும்பிக் கேட்டதால் இங்கே தரப்படுகிறது.)



இன்றைய சிந்தனைக்கு மாற்கு நற்செய்தி 2ஆம் அதிகாரம், 1 முதல் 12 வரையுள்ள வசனங்களை எடுத்துக்கொள்வோம். மறைக்கல்வி வகுப்பிலேயே நாம் கேட்டுப் பழகிய நிகழ்ச்சி இது. இயேசு கப்பர்நாகும் ஊருக்குத் திரும்பி வந்து ஒரு வீட்டில் இருக்கிறார். செய்தி பரவுகிறது. மக்கள் திரளுகிறார்கள். வீடு நிரம்புகிறது, வாசல் நிரம்புகிறது, வாசலுக்கு வெளியேயும் கால் வைக்க இடமில்லை. அந்த நேரத்தில் நான்கு பேர் முடக்குவாதமுற்ற ஒருவரைக் கட்டிலோடு சுமந்து வருகிறார்கள். உள்ளே போக வழியில்லை. கூரைமேல் ஏறுகிறார்கள், கூரையைப் பிரிக்கிறார்கள், கட்டிலை இயேசுவின் முன்னால் இறக்குகிறார்கள். இயேசு அவர்களுடைய நம்பிக்கையைப் பார்க்கிறார். அந்த மனிதரின் பாவங்களை மன்னித்து, எழுந்து நடக்கச் செய்கிறார்.

இந்தப் பகுதியை வைத்து மறையுரை ஆற்றும்போது குருக்களாகிய நாங்கள் வழக்கமாக அந்த நான்கு பேரின் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவோம். அல்லது பாவமன்னிப்பைப் பற்றிப் பேசுவோம். இன்று நான் வாசலில் நின்ற கூட்டத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

குறை காண உட்கார்ந்திருந்த மறைநூல் அறிஞர் சிலரை விட்டுவிடுங்கள். மற்றவர்கள் இறைவார்த்தையைக் கேட்க வந்தவர்கள். பக்தி உள்ளவர்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த நோயாளிக்குக் கெடுதல் நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் நோயாளிக்கும் இயேசுவுக்கும் நடுவே சுவராக நின்றவர்கள் அவர்கள்தான். காரணம் இதுதான்: எல்லாருடைய முகமும் ஆண்டவர் பக்கம் இருந்தது, எல்லாருடைய முதுகும் தெருப் பக்கம் இருந்தது. தெருவில் யார் வருகிறார், யார் தவிக்கிறார் என்று பார்க்க முதுகுக்குக் கண் இல்லை.

பக்தியுள்ள கூட்டமும் வாசலை அடைக்க முடியும். இந்த ஒன்றை மட்டும் இன்று உங்கள் மனத்தில் வைத்துவிட்டுப் போக விரும்புகிறேன்.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஏனென்றால் அது உங்கள் ஊராகவும் இருக்கலாம். நகரத்தின் நடுவே கோவில். முன்னால் ஒரு குறுகிய தெரு. இரண்டு பக்கமும் வீடுகள். நம் மக்களும் இருக்கிறார்கள், இந்துக்களும் இஸ்லாமியரும் இருக்கிறார்கள். பாதுகாவலர் புனித சூசையப்பர். மார்ச் 10இல் கொடியேற்றம், 19இல் திருவிழா.

பத்து நாளும் தெருவுக்குக் குறுக்கே மேடை இருக்கும். நான்கு தெருவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவோம். விடியற்காலை 5 மணிக்குப் பாட்டுப் போடத் தொடங்கினால் இரவு கலை நிகழ்ச்சி முடிய 11 மணி, 12 மணி ஆகும். யாரும் இதைத் தவறு என்று நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை. சூசையப்பர் பேசிய ஒரு சொல்கூட நற்செய்திகளில் பதிவாகவில்லை. பேசாமலே இறைத்திட்டத்தை நிறைவேற்றிய அந்த மனிதருக்கு நாங்கள் 16 குழாய் கட்டியிருந்தோம்.

ஏழாம் நாள் இரவு, நற்கருணை ஆசீர் முடிந்து மேடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பெண் வந்து நின்றார். கோவிலிலிருந்து நான்காவது வீடு. நம் மதத்தைச் சேர்ந்தவர் அல்ல. "சாமி, எங்க அத்தைக்கு ஆபரேஷன் ஆகி வந்திருக்காங்க. மாத்திரை போட்டும் கண்ணு மூட மாட்டேங்குறாங்க. எங்க சன்னலைப் பாத்து இருக்கிற அந்த ஒரு குழாயை மட்டும் வேற பக்கம் திருப்பச் சொல்லுங்க" என்றார். கேட்டது அவ்வளவுதான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னும் மூணு நாள்தானம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு மேடையில் ஏறினேன். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அதனால் அது சரியாகிவிடாது.

ஒன்பதாம் நாள் இரவு சப்பரம் புறப்படும் நேரம். அந்த அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்துவிட்டது. 108 ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். அதுவும் விரைவாகவே வந்தது. வந்து, எங்கள் மேடைக்குப் பின்னால் நின்றது. அதற்கு மேல் வர வழியில்லை. ஒரு பக்கம் மேடை, மறு பக்கம் ஜெனரேட்டர் வண்டி, நடுவே இரண்டாயிரம் பேர். ஓட்டுநர் ஹாரன் அடித்தது பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் அம்மாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். அப்போதுதான் நம் இளைஞர்கள் பார்த்தார்கள். ஓடிப்போய் இரண்டு பேர் கை கொடுத்தார்கள். நான்கு பேராகக் கட்டிலைச் சுமந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார்கள்.

நான் சப்பரத்தின் பக்கத்தில் கேப்பா உடுத்தி நின்றுகொண்டிருந்தேன். மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் என் கண் முன்னால் நடந்தது. அதில் நான் நின்ற இடம் கூட்டத்தின் நடுவே.

கூட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். கட்டிலைப் பார்த்ததும் எல்லாரும் வழி விட்டார்கள். பெண்கள் சிலர் செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நம் மக்கள் இரக்கம் இல்லாதவர்கள் அல்ல. பார்க்காதவரை தெரியவில்லை, அவ்வளவுதான். இறைவன் அருளால் அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்கள். பிழைக்காமல் போயிருந்தால், "இன்னும் மூணு நாள்தானம்மா" என்ற என் சொல்லை நான் எங்கே கொண்டுபோய் வைத்திருப்பேன்?

அடுத்த ஆண்டு பிப்ரவரி மாதம். திருவிழா வேலைகள் தொடங்கியிருந்தன. காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. தெருவில் குடியிருப்போர் மனு கொடுத்திருக்கிறார்கள். 41 கையெழுத்து. மேடையைத் தெருவில் போடக் கூடாது, ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு நிறுத்த வேண்டும், வழி அடைக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். அன்று மாலை பங்குப் பேரவையில் ஒரே கொந்தளிப்பு. "நம்மளைத்தான் குறி வைக்கிறாங்க சாமி." "இன்னிக்குக் குழாயை எறக்கச் சொல்வாங்க, நாளைக்குச் சப்பரத்தையே நிறுத்தச் சொல்வாங்க." இப்படி ஆளுக்கு ஒன்று பேசினார்கள். எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. சிறுபான்மையாக வாழ்கிறவர்களுக்கு இந்தப் பயம் வருவது இயல்பு. அதை யாரும் கேலி செய்ய வேண்டாம்.

ஆனால் வீட்டுக்கு வந்து மனுவின் நகலை நிதானமாகப் படித்தேன். 41 கையெழுத்தில் ஆறு கையெழுத்து நம்முடையவை. நம் அன்பியங்களைச் சேர்ந்தவர்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவர்கள். அதில் ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். தலை குனிந்துகொண்டே சொன்னார்: "சாமி, பேரவையில சொன்னா பக்தி இல்லாதவன்னு சொல்லிருவாங்க. எம்பேரன் பிளஸ் டூ எழுதறான். மார்ச் மாசந்தான் பரீட்சை. போன வருசம் அவனோட அக்கா காதுல பஞ்சை வச்சுக்கிட்டுப் படிச்சா. இதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

என் மக்கள் என்னிடம் சொல்ல முடியாததைக் காவல் நிலையத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மனுவைவிட அதுதான் என்னை அதிகம் சுட்டது.

அன்பார்ந்தவர்களே, பேரவையில் அன்று எழுந்த மூன்று கேள்விகளை உங்கள் முன் வைக்கிறேன். எந்த ஊரில் திருவிழா நடந்தாலும் இந்த மூன்றும் எழும்.

முதல் கேள்வி: "மத்தவங்க செய்யலியா? ஆடி மாசம் விடியுமுன்னே பாட்டுப் போடலியா? கட்சிக் கூட்டத்துக்கு ரோட்டை அடைக்கலியா? நாம மட்டும் ஏன் அடங்கிப் போகணும்?"

செய்கிறார்கள், உண்மைதான். அப்படிச் செய்யும்போது நம் வீட்டில் நாம் என்ன பேசிக்கொள்கிறோம்? "கொஞ்சமாவது அக்கம்பக்கத்தை நினைக்கிறாங்களா பாரு" என்றுதானே? பிறர் நமக்கு எதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறோமோ அதையே நாம் பிறருக்குச் செய்ய வேண்டும் என்று மத்தேயு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பிக்கிறார். பிறர் நமக்குச் செய்ததையே திருப்பிச் செய்யுங்கள் என்று அவர் சொல்லவில்லை. முதலில் யார் குறைப்பது என்று எல்லாரும் காத்திருந்தால் தெருவில் யாருமே தூங்க முடியாது. யாராவது ஒருவர் தொடங்க வேண்டும். மலைப்பொழிவைக் கேட்டவர்கள் தொடங்கட்டுமே.

இரண்டாம் கேள்வி: "வழிபடுவது நம்ம உரிமை இல்லையா? சட்டமே கொடுத்திருக்கே?"

கொடுத்திருக்கிறது. அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு நம் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அந்த உரிமையை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் அந்தப் பிரிவு எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, மக்களின் உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டே அந்த உரிமை என்று தொடங்குகிறது. உடல்நலம் என்ற சொல்லை நம் சாசனத்தை எழுதியவர்கள் அங்கே வைத்திருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் அந்த அம்மாவுக்காகவே வைத்தது போல எனக்குத் தோன்றுகிறது.

மத்திய அரசு 2000ஆம் ஆண்டில் ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் மொத்தம் 15 நாளுக்கு மிகாமல் இரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். அது அரசு தருவது. நாமே எடுத்துக்கொள்வது அல்ல. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அளவு. பத்து டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும்.

அதே 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. அந்த வழக்கு நம் சென்னையிலிருந்து போனது. மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு கிறிஸ்தவ சபையின் செபக்கூடம். அங்கே ஒலிபெருக்கியும் டிரம்ஸ் முதலிய இசைக்கருவிகளும் வைத்துச் செபம் நடந்தது. பக்கத்துக் குடியிருப்பான மெஜஸ்டிக் காலனியின் நலச்சங்கத்தார் சத்தத்தைக் குறைக்கக் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். சத்தத்தைக் குறைக்கும்படி உயர் நீதிமன்றம் சொன்னது. எங்கள் சத்தத்தைவிடச் சாலைப் போக்குவரத்தின் சத்தம்தான் அதிகம், இது எங்கள் மத உரிமை என்று சபையார் மேல்முறையீடு செய்தார்கள். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிறருடைய அமைதியைக் கெடுத்துச் செபிக்கும்படி எந்த மதமும் கற்பிக்கவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். முதியோர், நோயாளிகள், படிக்கும் பிள்ளைகள், குழந்தைகள் ஆகியோரை நீதிபதிகள் அதில் நினைவூட்டியிருக்கிறார்கள்.

அது கத்தோலிக்கக் கோவில் அல்ல என்று நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் தெருவில் இருப்பவர்களுக்கு அந்த வேறுபாடு தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது கிறிஸ்துவின் பெயர் மட்டும்தான். நம் அயலார் நீதிமன்றம் வரை போய்த்தான் நம்மிடம் பேச வேண்டியிருக்கிறது என்றால் அது நமக்கு வெட்கம் அல்லவா?

2005ஆம் ஆண்டு ஜூலை மாதம் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. பேச ஒருவருக்கு உரிமை உண்டு. கேட்கும்படி மற்றவரைக் கட்டாயப்படுத்த உரிமை இல்லை. அமைதியாக வாழ்வதும் வாழும் உரிமையைச் சேர்ந்ததுதான் என்று விளக்கியது. இதைச் சட்டம் சொல்லும் முன்பே நம் ஆண்டவர் வாழ்ந்து காட்டினார். அவர் யார் காதிலும் திணித்ததில்லை. கேட்கச் செவியுள்ளோர் கேட்கட்டும் என்பதே அவருடைய வழி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழாய் ஸ்பீக்கர் சத்தத்தைத் தூரத்துக்கு எறிவதற்கென்றே செய்யப்பட்டது. தூரத்தில் இருப்பவருக்கு எதிரொலியோடு கலந்து இரைச்சல் மட்டும் போய்ச் சேரும்; சொல் விளங்காது. என் மறையுரை நான்கு தெருவுக்குக் கேட்டது. ஒரு தெருவுக்கும் புரியவில்லை. உங்கள் பாடல்களின் இரைச்சல் எனக்கு வேண்டாம், நீதி ஆறாக ஓடட்டும் என்ற பொருள்பட இறைவாக்கினர் ஆமோஸ் 5ஆம் அதிகாரத்தில் பேசுகிறார். வழிபாடே வேண்டாம் என்பதல்ல அதன் பொருள். அயலாருக்குச் செய்ய வேண்டிய நீதியை மூடி மறைக்கும் பாட்டைக் கடவுள் கேட்பதில்லை என்பதுதான் பொருள்.

மூன்றாம் கேள்விதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஒரு கொத்தனார் எழுந்து கேட்டார்: "சாமி, பெரிய வீட்டுக்காரங்களுக்கு மண்டபம் இருக்கு. எங்களுக்கு இந்தத் தெருவை விட்டா வேற எடம் ஏது? வருசத்துல பத்து நாள் எம்புள்ளைங்க சந்தோசமா இருக்கிறதும் போகணுமா?"

சகோதரர்களே, அவர் கேட்டது நியாயம். ஏழைக்குத் தெருதான் மண்டபம். பலூன்காரர், வளையல் கடை, ராட்டினம் சுற்றுகிறவர், சுண்டல் விற்கும் அம்மா, இவர்களுக்கெல்லாம் திருவிழாதான் பிழைப்பு. வேலைக்காக வெளியூர் போன பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்புவது திருவிழாவுக்குத்தான். அசன விருந்தில் எந்த வேறுபாடும் இல்லாமல் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். இவை எல்லாம் நற்செய்திதான். எனவே குடியிருப்போர் சார்பாகக் குறை சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: திருவிழாவே ஒழியட்டும் என்று நினைக்காதீர்கள். தெரு வண்டிகள் போவதற்கு மட்டும் உரியது அல்ல. மனிதர்கள் கூடி மகிழவும் அது வேண்டும். அளவைக் கேளுங்கள், நேரத்தைக் கேளுங்கள், வழியைக் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. முடிந்தால் மனு எழுதும் முன் ஒரு முறை நேரில் வந்து பேசுங்கள். வந்தவரை நாங்கள் திருப்பி அனுப்பினால் தவறு எங்களுடையது. நான் அனுப்பியிருக்கிறேன்.

பொதுநலன் என்று திருச்சபை கற்பிப்பது இதைத்தான். பெரும்பான்மையோர் விருப்பம் பொதுநலன் ஆகிவிடாது. ஒவ்வொரு மனிதரின் மாண்பும், எல்லாருடைய நல்வாழ்வும், அமைதியும் சேர்ந்ததே பொதுநலன். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'லவுதாத்தோ சி' திருமடலின் 147ஆம் பத்தியில், இரைச்சலும் ஒழுங்கின்மையும் நிறைந்த இடத்தில் மனிதர் நிம்மதியாக வாழ்வது கடினம் என்று சுட்டிக்காட்டுகிறார். காட்டையும் கடலையும் காப்பது போலத் தெருவின் அமைதியைக் காப்பதும் படைப்பைப் பேணும் கடமையில் சேரும்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டோம். பீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது, உன்மேல் உன் சகோதரருக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிறார். கவனியுங்கள்: உனக்கு அவர்மேல் குறை இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு உன்மேல் குறை இருந்தால் என்கிறார். யார் சரி என்று விசாரிக்கச் சொல்லவில்லை. எழுந்து போகச் சொல்கிறார்.

கொடியேற்றத்துக்கு முன் பேரவை உறுப்பினர்கள் இருவர் இருவராக நான்கு தெருவிலும் ஒவ்வொரு வீட்டுக்கும் போனோம். முதல் வீடாக நான் போனது கோவிலிலிருந்து நான்காவது வீடு. மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண் "விடுங்க சாமி" என்று சொல்லிக் காப்பி கொடுத்தார். நாங்கள் பயந்தது போல எந்த வீட்டிலும் திருவிழாவை நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். ஒருவர், வாசலில் பைக்கை நிறுத்திவிடுகிறார்கள், வெளியே வர முடியவில்லை என்றார். ஒருவர், சுற்றுச்சுவர் ஓரத்தில் ஆண்கள் சிறுநீர் கழிக்கிறார்கள், பத்து நாளும் சன்னலைத் திறக்க முடியவில்லை என்றார். ஒரு இஸ்லாமியப் பெரியவர், தையல் கடை வைத்திருப்பவர், மேடை கடையை மறைத்துவிடுவதால் பத்து நாளும் வருமானம் இல்லை என்றார். இத்தனை வருடம் எங்களிடம் ஒரு சொல் சொன்னதில்லை அவர். இன்னொருவர், பந்தல்கால் நட்ட குழியை யாருமே மூடுவதில்லை, போன வருடம் என் அப்பா தடுக்கி விழுந்தார் என்றார்.

எனக்குக் கப்பர்நாகும் வீட்டின் கூரை நினைவுக்கு வந்தது. நோயாளி எழுந்து நடந்து போன பிறகு அந்தக் கூரையை யார் சரி செய்தார்கள் என்று நற்செய்தி சொல்லவில்லை. அந்த நான்கு பேரும் மறுநாள் வந்து சரி செய்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

அந்த ஆண்டு மேடையைப் பள்ளி மைதானத்துக்கு மாற்றினோம். குழாய்களை இறக்கிவிட்டு, மக்கள் உட்காரும் இடத்திலேயே சிறிய பெட்டி ஸ்பீக்கர்களைப் பரவலாக வைத்தோம். சத்தம் குறைந்தது, பேச்சு தெளிவாகக் கேட்டது. காலைப் பாட்டு கோவிலுக்குள் மட்டும். இரவு 10 மணிக்கு முன் எல்லாம் முடியும்படி நிகழ்ச்சிகளைச் சுருக்கினோம். சப்பரம் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று அச்சடித்து, இரண்டு போன் எண்களையும் போட்டு வீடு வீடாகக் கொடுத்தோம். தெருவின் ஒரு பக்கம் ஆம்புலன்ஸ் போகும் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். அதைப் பார்க்க மட்டும் ஆறு இளைஞர்கள். தற்காலிகக் கழிப்பிடம் வைத்தோம். திருவிழா முடிந்த மறுநாள் காலைத் திருப்பலிக்குப் பின் எல்லாருமாகத் தெருவைப் பெருக்கிக் குழிகளை மூடினோம்.

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொன்னால் அது பொய். உபயதாரர்கள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர் நம் பங்கைச் சேர்ந்தவர்தான்; அவருக்கு வருமானம் குறைந்தது. அதற்கு ஈடாகக் கோவிலின் ஒலியமைப்பைச் செப்பனிடும் வேலையைக் கொடுத்தோம், முழுவதும் ஈடாகவில்லை. இளைஞர் இயக்கத் தம்பி ஒருவர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் இரவு 10.20க்கும் நாடகம் முடியவில்லை. நானே போய் மைக்கை அணைத்தேன். அரங்கில் சிலர் கூச்சல் போட்டார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் நான்காவது வீட்டில் தூங்கியிருப்பார்கள்.

19ஆம் தேதி சப்பரம் அந்தத் தெருவில் வந்தபோது அந்தப் பெண் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தார். மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். அந்த அம்மா எழ முடியாமல் உட்கார்ந்தபடியே கை கூப்பினார்கள். சப்பரம் தூக்கிய பிள்ளைகள் யாரும் சொல்லாமலே அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்கள். அவர்களில் இரண்டு பேர் முந்தைய ஆண்டு அந்த அம்மாவின் கட்டிலைத் தூக்கியவர்கள்.

அன்பார்ந்தவர்களே, உங்கள் பங்கில் திருவிழா வருகிறதா? கொடியேற்றத்துக்கு முன் ஒரு நாள் மாலை, பங்குப் பேரவையினரும் அன்பியப் பொறுப்பாளர்களும் கோவிலுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். அவமரியாதை என்று நினைக்க வேண்டாம். அந்தத் தெருவில் யார் நோயாக இருக்கிறார், யார் பரீட்சைக்குப் படிக்கிறார், எந்த வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது, யாருடைய கடை மறைகிறது என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் போய்க் கேளுங்கள். கேட்டதை எழுதி வைத்துக்கொண்டு அதன் பிறகு நிகழ்ச்சி நிரலை அச்சுக்குக் கொடுங்கள்.

செபிப்போம். ஆண்டவரே, உம்மைத் தேடி வரும் நாங்கள் உம்மைத் தேடி வரும் இன்னொருவருக்குத் தடையாக நிற்காதபடி எங்களைக் காத்தருளும். எங்கள் தெருவில் நோயுற்றோருக்கு உறக்கத்தையும், படிக்கும் பிள்ளைகளுக்குத் தெளிந்த மனத்தையும் தாரும். எங்கள்மேல் மனத்தாங்கல் கொண்ட அயலாரிடம் எழுந்து போகும் துணிவை எங்களுக்குத் தாரும். மௌனமாக உம் சித்தத்தை நிறைவேற்றிய புனித சூசையப்பர் எங்களுக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.

தந்தை, மகன், தூய ஆவியாராகிய எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் தெருவில் வாழும் எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக.